பேர் தைச்ச சட்டை

இதுதான் பஸ், பிள்ளை. பயப்பிடாமல் ஏறும். எங்கை போறீர் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு பாக்கிறீரோ? உம்மட கையைப் பாத்துத்தான். இந்த பஸ்ஸிலை பாஸ்போட்டைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஏறுற ஆக்கள் ரண்டு வகை. சூட்கேசோடை ஏறுறவை எயாப்போட்டிலை இறங்குவினம். சூட்கேஸ் இல்லாதவை கடைசித் தரிப்பிலை, தடுப்பு முகாமடியிலை இறங்குவினம். உம்மட்டையும் சூட்கேஸ் இல்லை, என்னட்டையும் இல்லை. இஞ்சாலை வந்து இரும். அந்த சீற்றுக்குக் கீழை ஹீற்றர், காலைப் பொசுக்கிப் போடும்.

ஆரைப் பாக்கப் போறீர்? அண்ணாவையோ? சொந்த அண்ணாவோ? ம். போன கிழமைதான் பிடிச்சவையோ. அப்ப இண்டைக்குத்தான் முதல்முதலாப் போறீர். அழாதையும் பிள்ளை. நீர் அங்கை போய் அழுதால் அவருக்கு அது இன்னும் கரைச்சல். இந்தாரும் ரிசு, கண்ணைத் துடையும். வாசல்லை பாஸ்போட்டைப் பாப்பினம், விரல் அடையாளம் எடுப்பினம், போனையும் பேக்கையும் ஒரு பெட்டியிலை வைச்சுப் பூட்டச் சொல்லுவினம். சப்பாத்தையும் கழட்டச் சொன்னால் கோவிக்காதையும். எனக்கு இது எல்லாம் தண்ணிபட்ட பாடு. நீங்கள் இதிலை படிச்சுப் பட்டம் எடுத்திட்டியள் எண்டு என்ர மனிசி பகிடி பண்ணுறவ. முந்தி. இப்ப என்னோடை கதைக்கிறேல்லை.

நான் நவம். நவரத்தினம். வட்டக்கச்சி ஆள். ஹரோவிலை ஒரு பெற்றோல் ஸ்டேசனிலை மனேஜரா இருக்கிறன். நான் பாக்கப் போறது என்ர தம்பியின்ர மனிசியை. வசந்தரூபி எண்டு பேர், நாங்கள் ரூபி எண்டுறது. நாளைக்கு விடிய அவளைப் பிளேனிலை ஏத்துகினம். கொழும்புக்கு.

ஓம். நாளைக்கு. உதுக்கேன் ஐயோ எண்டுறீர்? முதலும் ஒருக்கா ஏத்துறதெண்டு எயாப்போட் மட்டும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டந்தவை. கூடப் போறதுக்கு ஆள் வரேல்லையாம். அவையும் பாவம். மேலை இருக்கிறவன் இத்தினை பேரை அனுப்பு எண்டு தொண்டை கிழியக் கத்துறான். லோயர்மார் கடைசி நேரத்திலை ஒரு ஓடரோடை வந்து மறிக்கினம். பிளேன்காரன் இந்த ஆளை ஏத்தமாட்டன் எண்டு நிக்கிறான். ஒருத்தனை அனுப்புறதுக்கு அவை படுற பாட்டைப் பாத்தால் வைச்சிருக்கிறது லேசு எண்டு எனக்குத் தோன்றும். ஆனா வைச்சிருக்கவும் மாட்டினம். ரூபிக்கு இந்தமுறை எல்லாம் சரியாம். ஆளும் இருக்குதாம், சீற்றும் இருக்குதாம்.

நல்ல பிள்ளை ரூபி. நான் குறை சொல்லமாட்டன். ஒரேயொரு குறைதான், தன்ர கேஸைத் தானே கெடுத்துப்போட்டாள். என்னாலை ஏண்டதெல்லாம் செய்தன். கோர்ட்டிலை அவளுக்குப் பக்கத்திலையே இருந்தனான். அப்பிடியிருந்தும் தோத்தது.

என்ர தம்பி குகன் எனக்குப் பத்து வயசு இளமை. குகதாசன். நான் நாட்டை விட்டு வெளிக்கிடேக்கை அரைக் காற்சட்டையோடை என்ர சைக்கிள் பாரிலை இருந்து பஸ் ஸ்ராண்ட் மட்டும் வந்தவன். வழி முழுக்க மணியை அடிச்சுக்கொண்டு வந்தான். கையை எடடா எண்டு ஏசினனான். அதுக்குப் பிறகு அவனை நேரிலை காணேல்லை. அவன்ர கலியாணமும் வீடியோவிலைதான் பாத்தன். ஆனா போனிலை கதைக்காத நாளில்லை. எனக்கு வேறை கூடப்பிறந்தது இல்லை, பிள்ளை. எனக்கிருக்கிறது அவன் ஒருத்தன்தான்.

மெக்கானிக். லாண்ட்மாஸ்டர், தண்ணிப் பம்ப், ட்ராக்டர், அவன்ர கை பட்டால் எதுவும் ஓடும். சண்டை நேரம் ஆர் எஞ்சின் கொண்டு வந்தாலும் திருத்திக் குடுத்தவன். இயக்கம் கொண்டு வந்து வைச்சால் மாட்டன் எண்டு சொல்லேலுமே? அதுக்குத்தான் சண்டை முடிஞ்ச பிறகு புனர்வாழ்வு எண்டு கொண்டுபோய் வைச்சிருந்து விட்டவை. வெளியிலை வந்து ரூபியைக் கட்டினான். றோட்டோரமா ஒரு கராஜ் போட்டான்.

கராஜ் திறந்தவன் எண்டு நான் என்ர வேலைச் சட்டை ஒண்டை ஊருக்குப் போன ஒரு ஆளிட்டைக் குடுத்துவிட்டனான். நல்ல தடிச்ச பச்சைச் சட்டை, எண்ணெய் பட்டாலும் தெரியாது. பொக்கற்றுக்கு மேலை இங்கிலீசிலை நவம் எண்டு மஞ்சள் நூலாலை தைச்சிருக்கும். பெடிக்குத் தலைகால் புரியேல்லை. அதைக் கழட்டமாட்டானாம். ரூபி தோய்க்க எடுத்தால் காயுமட்டும் கொடியடியிலை நிப்பானாம். சனம் அவனை நவம், நவம் எண்டு கூப்பிடத் தொடங்கிற்றுது. அண்ணை, உன்ர பேரிலை நான் இஞ்சை எலக்சன் கேக்கப்போறன் எண்டு போனிலை சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவன்ர சிரிப்பு ஒரு மாதிரி, எஞ்சின் முதல் இழுவையிலை ஸ்ராட் எடுக்காமல் இழுபடுமே, அப்பிடி.

பேந்து ஒருநாள் பின்னேரம் வான் ஒண்டிலை ஆரோ வந்தவை, ஒரு எஞ்சின் பாக்கவேணும் வா எண்டு கூட்டிக்கொண்டு போனவை. ஆயுதங்கள் எல்லாம் அப்பிடியே பரப்பினபடி கிடந்ததாம். மன்னிக்கவேணும், ஊரிலை திருத்துற சாமானுக்கு ஆயுதம் எண்டுறது. ஸ்பானர், சாவி, அதுகள். அவன் வரேல்லை.

பொலிசுக்குப் போனம். ஆணைக்குழு எண்டு ஒண்டு வந்தது, அதுக்கும் போனம். அம்மா பிள்ளையளைத் தேடுற மற்றத் தாய்மாரோடை றோட்டோரத்துக் கொட்டிலிலை அவன்ர படத்தை மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கத் தொடங்கினா. இப்பவும் இருக்கிறா. மழையெண்டாலும் போவா. இடையிலை கவுண்மேந்திலை இருந்து வந்து சொன்னவை, மரணச் சான்றிதழ் தாறம், அதோடை உதவியும் தாறம், வாங்குங்கோ எண்டு. அம்மா போனிலை என்னைக் கேட்டா. நான் சொன்னன், அம்மா, அதிலை கையை மட்டும் வைச்சியள் எண்டால் நான் உங்கட மகன் இல்லை எண்டு. உயிரோடை இருக்கிறவனுக்கு ஆர் செத்த கடுதாசி எடுக்கிறது? அம்மா எடுக்கேல்லை. அது எனக்கு இப்பவும் பெருமை.

ரூபியையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போய் வைச்சிருந்து விட்டவை. என்ன கேட்டவை, என்ன செய்தவை எண்டு வீட்டிலை அவள் மூச்சும் விடேல்லையாம். வந்தது இருட்டுப்படுற நேரம். நேரை கிணத்தடிக்குப் போய்த் தலை முழுகினவளாம். அம்மா ஏசியிருக்கிறா, ஏனடி இந்த நேரத்திலை தலை முழுகுறாய், தடிமன் பிடிக்கப்போகுது எண்டு. தலையைத் துவட்டி, பொட்டை வைச்சுக்கொண்டு வந்து அம்மாவுக்குச் சோறு போட்டவளாம். அம்மா எனக்குச் சொன்னது இவ்வளவும்தான். பிறகும் ஆரோ வந்து வந்து விசாரிக்க, இனி வைச்சிருக்கேலாது எண்டு நான் ஒரு மாதிரி இஞ்சை எடுப்பிச்சன்.

வந்து எங்கடை வீட்டிலைதான் இருந்தவள். தன்பாட்டிலை இருப்பாள். என்ர மனிசியோடை நல்ல ஒட்டு, ரண்டு பேரும் குசினிக் கதவைச் சாத்திப்போட்டுக் குசுகுசுப்பினம். நான் போனால் கதை நிண்டிடும். பொம்பிளையளின்ர கதை, எனக்கேன்? வருசத்திலை ஒருநாள் மட்டும் விடிய எழும்பி, தோய்ஞ்சு, மச்சமில்லாமல் சமைச்சு, வாழையிலைக்கு எங்கை போறது, ஒரு கடுதாசிக் கோப்பையிலை வைச்சுக்கொண்டு போய்ப் பின் வளவிலை காகத்துக்கு வைப்பாள். காகம் வருமட்டும் குளிருக்குள்ளை நிப்பாள். என்னடி விரதம் எண்டு கேட்டன். சும்மா அத்தான் எண்டாள். சோத்தைக் கொண்டுபோய் வெளியிலை வைச்சால் எலி வருமெண்டு பக்கத்து வீட்டுக்காரி முறைப்பாடு. நான் ரூபியை ஏசினனான். பொம்பிளையளுக்கு ஆயிரம் விரதம், எல்லாத்தையும் நாங்கள் கேக்கேலுமே?

அகதிக் கேஸ் போட்டம். முதல் இன்ரவியூவுக்கு அவள் தனியத்தான் போனவள், எனக்கு அண்டைக்கு லீவு கிடைக்கேல்லை. அதுதான் விட்ட பிழை. தனியப் போய் அங்கை என்னத்தைச் சொன்னாளோ, மொழிபெயர்க்க வந்தவ என்னத்தைச் சொன்னாவோ, ஒரு பெரிய கதை எழுதிப்போட்டினம். நான் அது கோர்ட்டுக்குப் போன அண்டைக்குத்தான் முதல்முதல் கேட்டனான்.

அதுதான் உமக்குச் சொல்லுறன், கேட்டு வைச்சிரும். உம்மட அண்ணாவைத் தனிய விடாதையும். லோயர் வெளியிலை நில்லுங்கோ எண்டு சொல்லுவினம், நிக்காதையும். ரூபியின்ர லோயர் ஹெலன் எண்டு ஒரு வெள்ளைக்காரப் பெட்டை. நல்ல பிள்ளை, ஆனா குடும்பம் எண்டால் என்னெண்டு தெரியாது. கோர்ட் வாசல்லை என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுறா, மிஸ்டர் நவம், நீங்கள் இஞ்சை கோப்பி குடிச்சுக்கொண்டிருங்கோ, ரூபிக்கு உங்களுக்கு முன்னாலை கதைக்கக் கஷ்டமா இருக்கும் எண்டு. எனக்கு வந்ததே கோவம். எங்கடை வீட்டுப் பிள்ளையை முன்பின் தெரியாத ஆக்களுக்கு நடுவிலை தனிய விட்டிட்டு நான் கோப்பி குடிக்கிறதோ? நான் அவளின்ர புருசனுக்கு அண்ணன். அவளுக்கு இஞ்சை தேப்பன் ஸ்தானத்திலை நான்தான். ரூபியையே கேளுங்கோ எண்டன். ஹெலன் கேட்டா. ரூபி என்னைப் பாத்தாள், பிறகு நிலத்தைப் பாத்தாள். அத்தான் இருக்கட்டும் எண்டாள். கேட்டியளோ எண்டு ஹெலனுக்குச் சொல்லிப்போட்டு உள்ளுக்கை போய் முன் கதிரையிலை இருந்தன்.

ஜட்ஜ் வயசான மனிசன், தன்மையான ஆள். ரூபியிட்டை முதல் கேள்வியே அவளைப் பிடிச்சு வைச்சிருந்த இடத்தைப் பற்றி. அங்கை உமக்கு என்ன நடந்தது எண்டு. தண்ணி குடுத்தினம். ஜட்ஜ் சொன்னார், நீர் விரும்பினால் மற்ற ஆக்களை வெளியிலை அனுப்பிறன் எண்டு. ஹெலன் திரும்பி என்னைப் பாக்கிறா, எழும்பிப் போ எண்டு கண்ணாலை சொல்லுறா. நான் ஏன் எழும்பிறன்? நான் மற்ற ஆளோ? ரூபி தலையை ஆட்டினாள். ஒருத்தரும் போகத் தேவையில்லை, எனக்கு அங்கை ஒண்டும் நடக்கேல்லை, கேள்வி கேட்டவை, விட்டவை எண்டு சொன்னாள். ஹெலன் கையிலை இருந்த பேனையைக் கீழை வைச்சா. எனக்கெண்டால் அதைக் கேட்கப் பெரிய நிம்மதி. இத்தினை வருசம் மனசுக்குள்ளை ஒரு பயம் இருந்தது, அதை ஆரிட்டைக் கேக்கிறது? ஒண்டும் நடக்கேல்லை எண்டு அவளின்ர வாயாலையே வந்திட்டுது. முதுகிலை ஏதோ தழும்பு எண்டு டொக்டர் எழுதினதாம். கிணத்தடியிலை விழுந்திருப்பாள்.

பேந்து மற்றப் பக்கத்து லோயர் எழும்பினான். அவன் இமிக்கிரேசன் பக்கம். இளந்தாரி, காய்ச்சலோ என்னவோ, மூக்கைச் சீறிச் சீறித்தான் கதைக்கிறான். அந்த முதல் இன்ரவியூவை எடுத்து வாசிக்கத் தொடங்கினான். அவளை ஒரு அறைக்குள்ளை கூட்டிக்கொண்டு போனவையாம். நிலத்திலை ஒரு பாய் போட்டு மூடியிருந்ததாம். பாயை விலத்திக் காட்டினவையாம். முகம் ஒரு பக்கம்தான் தெரிஞ்சதாம். பச்சைச் சட்டையாம். பொக்கற்றுக்கு மேலை மஞ்சள் நூலாலை அத்தான்ர பேர் இருந்ததாம். தான் காலடியிலை இருந்து ரண்டு காலையும் பிடிச்சுக்கொண்டு இருந்ததாம். கால் குளிர்ந்துபோய் இருந்ததாம். வெளியிலை சொன்னால் உனக்கும் இதுதான், உன்ர மாமிக்கும் இதுதான் எண்டவையாம்.

வாசிச்சு முடிச்சுப்போட்டு அவன் மூக்கைச் சீறினான்.

நான் எழும்பிற்றன். என்ர கால் தானா எழும்பிற்றுது, பிள்ளை. அது என்ர தம்பி இல்லை எண்டு கத்தினன். தமிழிலை கத்தினன், பிறகு இங்கிலீசிலை கத்தினன். என்ர தம்பி உயிரோடை இருக்கிறான், என்ர அம்மா அவனுக்காக றோட்டிலை இருக்கிறா, ஆர் நீங்கள் அவனைச் சாக்காட்டுறதுக்கு எண்டு. ஜட்ஜ் இருங்கோ, இருங்கோ எண்டு கையைக் காட்டினார். காவல்காரன் வந்து தோளிலை கையை வைச்சான். நான் திரும்பவும் கதிரையிலை இருந்தன். நீர் யோசிச்சுப் பாரும். குகன் தன்ர சோத்தையும் மற்றவனுக்குக் குடுக்கிறவன். சட்டையை ஆருக்கும் குடுத்திருப்பான். அண்டைக்குக் கராஜிலை எஞ்சின் திருத்திக்கொண்டு போன ஆருக்கும் குடுத்திருப்பான். ஒரு சட்டையை வைச்சு ஒரு மனிசனைச் செத்தவன் எண்டு சொல்லேலுமே?

ஓம், கழட்டமாட்டான் எண்டுதான் சொன்னனான். அது வேறை.

ரூபி என்னைத் திரும்பிப் பாத்தாள். கனநேரம் பாத்தாள். அந்த லோயர் திரும்பவும் கேட்டான், அம்மா, நீர் உம்மட கணவரின்ர உடலைக் கண்டனீரோ இல்லையோ எண்டு. அவள் என்னையே பாத்துக்கொண்டு சொன்னாள், இல்லை, நான் காணேல்லை எண்டு. அப்ப இன்ரவியூவிலை ஏன் சொன்னனீர்? பிழையாச் சொல்லிப்போட்டன். உம்மட கணவர் இப்ப எங்கை? தெரியாது. உயிரோடை இருக்கிறார் எண்டு நினைக்கிறீரோ? அத்தான் சொல்லுறது சரி எண்டாள். எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. வெளியிலை வந்து அவளின்ர தலையிலை கையை வைச்சுச் சொன்னன், நீ எங்கடை குடும்பத்தின்ர மானத்தைக் காப்பாத்திப்போட்டாய் எண்டு. அவள் சிரிச்சாள். ஹெலன் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டா.

தீர்ப்பு வந்தது. இவ முதல் ஒண்டு சொன்னா, பிறகு அதை இல்லை எண்டா, ஆனபடியால் இவ சொன்ன ஒண்டையும் நம்பேலாது எண்டு ஜட்ஜ் எழுதியிருந்தார். இவவுக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு இவவே சொல்லுறா. கணவர் இறந்ததுக்கு அத்தாட்சி இல்லை, குடும்பமே மரணச் சான்றிதழ் எடுக்கேல்லை. திரும்பிப் போறதிலை ஆபத்தில்லை. எப்பிடி இருக்குது நியாயம்? இந்த நாட்டுச் சட்டத்துக்கு ஒரு மனிசன் ஒண்டில் செத்திருக்கவேணும், இல்லாட்டி உயிரோடை வீட்டிலை இருக்கவேணும். ரண்டும் இல்லாதவனை எங்கை எழுதிறது எண்டு அவைக்குத் தெரியாது. எங்கடை ஊரிலை வீட்டுக்கு வீடு அப்பிடி ஒருத்தன் இருக்கிறான்.

அதுக்குப் பிறகு அப்பீல் எண்டு போட்டம், அதுவும் சரிவரேல்லை. இமிக்கிரேசனுக்குக் கையெழுத்துப் போடப் போய் வந்துகொண்டிருந்தாள். அங்கை கவுண்டரிலை ஒரு ஆபிரிக்க மனிசி இருக்கிறவ. ரூபியின்ர பொட்டைக் கண்டால் வடிவு, வடிவு எண்டு சொல்லுவாவாம். போன மாசம் ரூபி போனவுடனை அந்த மனிசி முகத்தை நிமிர்த்தேல்லையாம். அதிலை இரும் எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினாவாம். பிறகு மற்றக் கதவாலை ரண்டு பேர் வந்து கூட்டிக்கொண்டு போனவை. அந்த மனிசியை நான் கோவிக்கேல்லை. அவவுக்கும் வீட்டிலை பிள்ளை குட்டி இருக்கும்.

இப்பதான் பிரச்சினையே. போன கிழமை ஹெலன் எங்கடை வீட்டுக்கு வந்தா. குசினி மேசையிலை இருந்து தேத்தண்ணி குடிச்சா, நல்லாத்தான் கதைச்சா. இன்னும் ஒரு வழி இருக்குது எண்டா. புதுசா ஒரு அத்தாட்சி குடுத்தால் கேஸைத் திரும்பப் பாக்கச் சொல்லலாம், பிளேனையும் நிப்பாட்டலாம். அது உங்களாலைதான் முடியும், மிஸ்டர் நவம் எண்டா. நான் துள்ளிக் குதிச்சன். சொல்லுங்கோ, உயிரையும் குடுப்பன் எண்டன். அதுக்கு அவ சொல்லுறா, அந்தப் பேர் தைச்ச சட்டை நான் அனுப்பினது, தம்பி அதைக் கழட்டாமல் போட்டவன் எண்டு எழுதிக் கையெழுத்து வைக்கட்டாம். தம்பி செத்துப்போனான் எண்டு குடும்பம் ஏற்றுக்கொள்ளுது எண்டு எழுதட்டாம். அதோடை, கோர்ட்டிலை நான் இருந்தபடியால்தான் ரூபி உண்மையைச் சொல்லேல்லை எண்டும் எழுதட்டாம்.

பாத்தீரோ? என்ர கையாலை என்ர தம்பிக்குக் கொள்ளி வைக்கட்டாம். வைச்சுப்போட்டு, அவளின்ர கேஸைக் கெடுத்ததும் நான்தான் எண்டு ஒப்புக்கொள்ளட்டாம். வெளியிலை போங்கோ எண்டு சொல்லிப்போட்டன்.

மனிசி அழுதுகொண்டு வந்து காலிலை விழாத குறை. கையெழுத்தைப் போட்டுக் குடுங்கோ, அவள் எனக்கு எல்லாம் சொன்னவள், இஞ்சை வந்த முதல் மாசமே சொன்னவள் எண்டு. என்னடி சொன்னவள் எண்டு கேட்டன். சொல்லத் தொடங்கினா. நான் ரீவிச் சத்தத்தைக் கூட்டி வைச்சன். அண்டையிலை இருந்து அவ என்னோடை கதைக்கிறேல்லை. குகன் அவவுக்கு ஆர்? மணியடிச்சுக்கொண்டு சைக்கிள் பாரிலை வந்தவனை அவ கண்டவவோ? நான் கையெழுத்து வைச்சால் அம்மாவுக்கு ஆர் சொல்லுறது? றோட்டிலை இருக்கிற மனிசியிட்டைப் போய், எழும்பி வாங்கோ அம்மா, முடிஞ்சுது எண்டு ஆர் சொல்லுறது? நான் சொல்லமாட்டன். என்னாலை ஏலாது, பிள்ளை. என்னாலை ஏலாது.

போன் அடிக்குது. ஹெலன்தான். நாலு மணி மட்டும் நேரம் இருக்குதாம், அதுக்குள்ளை ஓம் எண்டால் காணுமாம், மிச்சத்தை அவ பாப்பாவாம். விடியத் தொடக்கம் அடிச்சுக்கொண்டு இருக்கிறா. அடிக்கட்டும். நீர் ஏன் என்ர போனைப் பாக்கிறீர்? அது தானா நிக்கும்.

நிண்டிட்டுது.

முந்தநாள் போகேக்கை ரூபியைக் கண்டனான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெத்தி வெறுமையா இருக்குது. என்னடி இது கோலம், பொட்டு எங்கை எண்டு கேட்டன். உள்ளுக்கை பொட்டு இல்லை அத்தான் எண்டாள். எனக்கு அப்பதான் மனசு ஆறினது. எண்டாலும் பாரும், இஞ்சை வந்தும் இத்தினை காலம் ஒருநாள் தவறாமல் வைச்சவள். எனக்கு முன்னாலை ஒருநாளும் வெறும் நெத்தியோடை வந்தவள் இல்லை. அண்டைக்கு முகமும் ஒரு மாதிரி, பாரம் இறக்கி வைச்ச ஆள் மாதிரி இருந்தாள். என்ர கையைப் பிடிச்சு, நீங்கள் என்னிலை வருத்தப்படக்கூடாது அத்தான் எண்டாள். நான் ஏன் வருத்தப்படுறன்? சின்னப் பிள்ளை, பயத்திலை கதைக்குது.

அதுதான் ஒட்டுப்பொட்டு ரண்டு மட்டை வாங்கிக்கொண்டு போறன். குங்குமம் எண்டால் தூள் எண்டு சந்தேகப்படுவினம். கொழும்பிலை இறங்கி வெறும் நெத்தியோடை வீட்டு வாசல்லை போய் நிண்டால் அம்மா என்ன நினைப்பா? விழுந்திடுவா.

எயாப்போட் வந்திட்டுது. சூட்கேஸ்காரர் எல்லாம் இறங்கீனம். இனி நாங்கள் ரண்டு பேரும்தான். அடுத்தது எங்கடை தரிப்பு. ஏன் அழுறீர், பிள்ளை? உம்மட அண்ணாவை நினைச்சோ? உமக்கு நான் சொன்னது நினைவிருக்குத்தானே? அவரைத் தனிய விடாதையும். முன் கதிரையிலை போய் இரும்.

ஒரு விதத்திலை பாத்தால் ரூபி போறதும் நல்லதுதான். எனக்கு இண்டைக்கு விடியத்தான் அது பொறிதட்டினது. அம்மாவும் வயசாளி, பகல் முழுக்க அந்தக் கொட்டிலிலை. குகன் ஒருநாள் வந்து பாக்கேக்கை வீடு பூட்டிக் கிடந்தால் அவன் எங்கை போவான்? சோறு போட ஒரு ஆள் வேண்டாமே?

இந்த பேக்கிலை அதுக்கும் ஒண்டு வைச்சிருக்கிறன். சாமான் குடுக்கிற கவுண்டரிலை குடுத்தால் அவளின்ர பெட்டியோடை போட்டுவிடுவினம். இஞ்சை பாரும். தொட்டுப் பாரும், கை கழுவினனீர்தானே? புதுசு, இந்த வருசம் வேலையிலை குடுத்தது. இப்பவும் அதே பச்சைதான். பொக்கற்றுக்கு மேலை என்ர பேர், மஞ்சள் நூல். குகன் வந்தவுடனை குடு எண்டு அவளிட்டைச் சொல்லப்போறன். அந்தப் பழசு இப்ப கிழிஞ்சிருக்கும்.